சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்த வேலூர் டாக்டர்: மேரி வர்கீஸ் வாழ்க்கை ஆன்லைன் கவுன்சிலிங் தேடுவோருக்குச் சொல்வது என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த இந்தப் பகுதியில் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பி, சமையல் முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கையில் செல்போனோடு உட்காரும் நேரத்தில் சிலருக்கு ஒரு கேள்வி வரும். இவ்வளவு ஓடி என்ன பயன்? எதற்காக இதெல்லாம்?

வேலை போனவர்கள், விபத்தில் கை கால் பாதிக்கப்பட்டவர்கள், துணையை இழந்தவர்கள், கடனில் சிக்கியவர்கள் என்று பலரையும் துரத்தும் கேள்வி இது. இதற்கு மாத்திரை மட்டும் போதாது என்று தோன்றும்போது, ஆன்லைனில் கவுன்சிலிங் தேடுகிறார்கள். தேடினால் 'எக்ஸிஸ்டென்ஷியல் தெரபி', 'ஹ்யூமனிஸ்டிக் தெரபி' என்ற சொற்கள் வந்து நிற்கின்றன. தமிழில் இருத்தலியல் சிகிச்சை, மனிதமைய சிகிச்சை என்கிறார்கள். படித்தால் தலை சுற்றும்.

ஆனால், இந்தச் சொற்களின் பொருளை வாழ்ந்தே காட்டிய ஒருவர் இதே வேலூரில் இருந்தார். அவர் மனநல நிபுணர் இல்லை, சர்ஜன். அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ்.

யார் இந்த மேரி வர்கீஸ்?

1925-ல் கொச்சியில் பிறந்தவர் மேரி. வசதியான குடும்பம். மருத்துவம் படிக்க 1940-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது நம்மூர்க்காரர்கள் சுருக்கமாக சி.எம்.சி. என்று சொல்லும் இடத்துக்கு வந்தார்.

அந்தக் கல்லூரியின் வரலாறே பெண்களோடு பின்னிய வரலாறு. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை இடம் அது. பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களுக்கு ஆண் மருத்துவர் உதவி வேண்டாம் என்று குடும்பத்தினர் மறுத்துவிட, ஒரே இரவில் மூவரும் உயிரிழந்ததைப் பார்த்துத்தான் ஐடா மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1947-ல்தான் அங்கே ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் படித்து, 1950-களின் தொடக்கத்தில் டாக்டரானார் மேரி. ஒரு பெண் சர்ஜன் ஆவது அன்று சாதாரண விஷயம் இல்லை. அவருக்கு முன்னால் பாதை தெளிவாக இருந்தது.

1954-ல் என்னாச்சு?

1954-ம் ஆண்டின் தொடக்கத்தில் இளம் டாக்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு வண்டியில் சுற்றுலா கிளம்பினார்கள். வழியில் விபத்து. மேரியின் முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய காயம் முதுகுத்தண்டில். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

இந்தக் காயத்தின் அர்த்தம் என்ன என்று புரிந்துகொள்ள, அந்தக் காலத்தை யோசிக்க வேண்டும். தண்டுவடம் என்பது மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் கேபிள் மாதிரி. அது நசுங்கினால் அதற்குக் கீழே தகவல் போகாது. நடக்க முடியாது என்பது வெளியே தெரியும் பிரச்னை. சிறுநீர், மலம் அடக்கும் கட்டுப்பாடும் போய்விடும் என்பது வெளியே தெரியாத பிரச்னை. ஒரே பக்கம் படுத்திருந்தால் வலி தெரியாது, ஆனால் தோல் அழுகிப் படுக்கைப் புண் வந்துவிடும். சிறுநீரகத் தொற்று வரும். இந்த இரண்டும்தான் அன்றைக்குப் பலரின் உயிரை எடுத்தன.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர்தான் இதை மாற்றத் தொடங்கினார். இப்படிப்பட்ட நோயாளிகளைச் சாகும் வரை படுக்கையில் வைத்திருக்கத் தேவையில்லை, முறையாகக் கவனித்தால் அவர்கள் வேலை செய்யலாம், விளையாடலாம் என்று நிரூபித்தார். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால், 1954-ல் இந்தியாவில் அப்படிப்பட்ட சிகிச்சை முறை இன்னும் வளரவில்லை. கட்டிலோடு வாழ்க்கை முடிஞ்சு போச்சு என்பதே பொதுவான எண்ணம்.

மேரிக்கு ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சைகள் நடந்தன. நேற்று வரை வார்டில் ரவுண்ட்ஸ் வந்தவர், அதே மருத்துவமனையில் நோயாளி. தன் காயத்தின் முடிவு என்ன என்பது ஒரு டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது. அவருக்குத் தெரியாதது, இனி நான் யார் என்ற கேள்விக்கான பதில்தான்.

கேள்வியை மாற்றியவர்

அப்போது சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும்தான் தேய்ந்துபோகின்றன என்று கண்டறிந்தவர் அவர். மடங்கி நகம் போல ஆகிவிட்ட கைகளை, வேறு தசையின் தசைநாரை எடுத்து மாற்றிப் பொருத்தி மீண்டும் நிமிர வைத்தார். தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களுக்கு ஏற்ற மெத்தென்ற ரப்பர் செருப்புகளை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்கு உண்டு. செருப்பும் ஷூவும் தைத்து வாழும் வட்டாரத்துக்கு இந்தத் தகவல் தனி அர்த்தம் உள்ளது.

கை அறுவை சிகிச்சையில் ஒரு நுணுக்கம் உண்டு. வயிறு, நெஞ்சு ஆபரேஷன்களில் சர்ஜன் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். கால் வேண்டாம், நல்ல கண்ணும், நிதானமான விரல்களும், பொறுமையும் போதும். மேரிக்கு அந்த மூன்றும் அப்படியே இருந்தன.

தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யும் வேலைக்கு வரச் சொல்லி மேரியை ஊக்கப்படுத்தினார் பிராண்ட். இழந்துபோன கால்களைப் பற்றிய பேச்சு, மிச்சமிருக்கும் கைகளைப் பற்றிய பேச்சாக மாறியது இங்கேதான்.

மேரி சக்கர நாற்காலியில் ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பினார். தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். ஊர் ஒதுக்கிவைத்த நோயாளிகள், தங்களைத் தொட்டு சிகிச்சை செய்யும் டாக்டரைப் பார்த்தார்கள். அந்த டாக்டராலும் நடக்க முடியாது. ஆனால் அவர் வேலை செய்கிறார். அந்தக் காட்சியே ஒரு சிகிச்சை.

வேலூரிலிருந்து பெர்த், நியூயார்க்

மேரி அத்தோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வு சிகிச்சை பெற்றார். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு யார் உதவியும் இல்லாமல் மாறுவது முதல், அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்துவது வரை இப்படிப்பட்ட மையங்களில் கற்றுத் தருவார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு இதுதான் விடுதலை.

தனக்குக் கிடைத்த இந்த சிகிச்சை இந்தியாவில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறி விழுந்தவர், லாரி மோதியவர் எல்லாம் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வி அவரை நியூயார்க் கொண்டுபோனது. அங்கே ஹோவர்டு ரஸ்க் என்ற டாக்டரின் மறுவாழ்வு மருத்துவ மையம் உலகப் புகழ் பெற்றிருந்தது. போரில் காயப்பட்ட வீரர்களை மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் அனுப்பிய அனுபவத்தில் வளர்ந்த துறை அது. மேரி அங்கே பயிற்சி பெற்றார். நோயாளியாக இருந்தவர், அதே துறையின் நிபுணராக ஊர் திரும்பினார்.

1963-ல் சி.எம்.சி.யின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் நோயாளிகள் தங்கி சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நாட்டிலேயே இந்த வகையில் முன்னோடி மையம் அது.

அங்கே என்ன நடந்தது? பிசியோதெரபி இருந்தது. செயற்கைக் கால், தாங்கு கருவிகள் செய்யும் பட்டறை இருந்தது. கூடவே, வீடு திரும்பிய பிறகு இந்த மனிதர் என்ன வேலை செய்து பிழைப்பார், வீட்டு வாசற்படியை எப்படித் தாண்டுவார், குடும்பம் அவரை எப்படிப் பார்க்கும் என்ற கேள்விகளும் சிகிச்சையின் பாகமாக இருந்தன. மறுவாழ்வு மருத்துவத்தின் மையக் கருத்தே இதுதான்: நோயாளி ஒரு முதுகெலும்பு இல்லை, ஒரு முழு ஆள்.

1972-ல் மேரிக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதற்கு முன்பே, 1963-ல், டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவரது வாழ்க்கையை 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்ற பெயரில் புத்தகமாக எழுதியிருந்தார். 1986-ல், 61 வயதில் மேரி காலமானார். அவர் வளர்த்த துறை இன்றும் இயங்குகிறது. அங்கே சிகிச்சை பெற்றுப் போன முன்னாள் நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் மறுபடி ஒன்றுகூடும் 'ரீஹேப் மேளா'வும் நடத்தப்படுகிறது.

சரி, இதுக்கும் கவுன்சிலிங்குக்கும் என்ன சம்பந்தம்?

மேரிக்கு நடந்ததை யாரும் எக்ஸிஸ்டென்ஷியல் தெரபி என்று பெயர் சூட்டவில்லை. ஆனால், அந்த சிகிச்சை எந்தக் கேள்வியைக் கையில் எடுக்கிறதோ, அதே கேள்வியைத்தான் மேரியும் சந்தித்தார்.

இந்த வகை சிகிச்சையில் அதிகம் பேசப்படும் பெயர் விக்டர் பிராங்கல். 1905-ல் வியன்னாவில் பிறந்த யூத டாக்டர். 1920-களின் இறுதியிலேயே இளைஞர்களுக்காக இலவச ஆலோசனை மையங்களை ஏற்பாடு செய்தவர். 1942-ல் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி உறவு, மனைவி எல்லாரையும் இழந்தார். ஆஷ்விட்ஸ் உட்பட நான்கு முகாம்களைத் தாண்டி 1945-ல் உயிரோடு வெளியே வந்தார். அந்த அனுபவத்தை 1946-ல் புத்தகமாக எழுதினார். 1997 வரை வாழ்ந்தார்.

பிராங்கலின் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: மனிதனை நகர்த்துவது அர்த்தத்தைத் தேடும் தாகம். அந்த அர்த்தம் மூன்று வழிகளில் கிடைக்கும். ஒன்று, செய்யும் வேலை அல்லது படைப்பு. இரண்டு, அன்பு, இயற்கை, கலை போன்ற அனுபவம். மூன்று, தவிர்க்கவே முடியாத துன்பம் வரும்போது அதை எந்த மனநிலையோடு எதிர்கொள்கிறோம் என்பது. இதில் கவனிக்க வேண்டியது, 'தவிர்க்கவே முடியாத' என்ற சொல். சம்பளம் தராத முதலாளியையோ, அடிக்கும் கணவரையோ சகித்துக்கொண்டு அதில் அர்த்தம் தேடச் சொல்லும் தத்துவம் இல்லை இது. மாற்ற முடிந்ததை முதலில் மாற்ற வேண்டும்.

மேரியின் வாழ்க்கையில் இந்த மூன்றும் தெரிகின்றன. கால் திரும்ப வராது என்பது மாற்ற முடியாதது. சிகிச்சை கிடைக்காத நிலை என்பது மாற்றக்கூடியது. முதலாவதை ஏற்றார், இரண்டாவதை மாற்றினார்.

ஹ்யூமனிஸ்டிக் என்றால் என்ன?

இதில் முக்கியப் பெயர் கார்ல் ரோஜர்ஸ். 1902-ல் அமெரிக்காவில் பிறந்து 1987-ல் இறந்த உளவியலாளர். அவருக்கு முன் பெரும்பாலும் டாக்டர் எல்லாம் தெரிந்தவர், நோயாளி கேட்டுக்கொள்பவர். ரோஜர்ஸ் இதைத் திருப்பிப் போட்டார். உதவி தேடி வருபவரே தன் வாழ்க்கையை நன்கு அறிந்தவர். அவர் வளர மூன்று விஷயங்கள் வேண்டும்: எதிரில் இருப்பவர் நடிக்காமல் உண்மையாக இருப்பது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பால் பிராண்ட் மேரிக்கு ஒரு வழி காட்டினார். இன்றைய ஹ்யூமனிஸ்டிக் கவுன்சிலர் அப்படி இந்த வேலைக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டார். நீங்களே கண்டுபிடிக்கும் வரை கூட இருப்பார். ஆனால், இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: எதிரில் இருப்பவரை முடிந்துபோன கேஸாகப் பார்க்காமல் இருப்பது.

ஆன்லைனில் இப்படிப்பட்டவரை எப்படித் தேடுவது?

முதலில் பெயர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர். மருந்து எழுதித் தரலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருந்து தர மாட்டார், பேச்சு சிகிச்சையும் உளவியல் பரிசோதனையும் செய்வார். கவுன்சிலர் என்பவர் ஆலோசனை உளவியல் படித்தவராக இருக்கலாம். ஆனால், சில நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்வது உண்டு. இங்கேதான் உஷார் தேவை.

சரிபார்ப்பது கஷ்டம் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு எண் இருக்க வேண்டும். அதன் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம். 2020-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு விதிகளின்படி ஆன்லைனில் பார்க்கும் டாக்டர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். கவுன்சிலர் என்றால் என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல கவுன்சிலர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எக்ஸிஸ்டென்ஷியல் என்று மட்டும் போட்டுத் தேடினால் தமிழில் பேசும் ஆட்கள் குறைவாகவே வரலாம். 'பெர்சன் சென்டர்ட்', 'லோகோதெரபி' என்ற சொற்களையும் சேர்த்துத் தேடலாம். முதல்து ரோஜர்ஸ் வழி, இரண்டாவது பிராங்கல் வழி. பல கவுன்சிலர்கள் ஒரே முறையை மட்டும் பின்பற்றுவதில்லை, கலந்தே செய்வார்கள். அதனால் லேபிளைவிட முதல் பேச்சு முக்கியம்.

முதல் அழைப்பில் என்ன கேட்கலாம்?

எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வீட்டில் தமிழ், உருது, தெலுங்கு என்று பல மொழிகள் ஓடுகின்றன. அழுகை வரும்போது எந்த மொழி வாயில் வருமோ, அந்த மொழிதான் சரி.

ஒரு செஷன் எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், வர முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். பல செஷன்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். பேசுவதைப் பதிவு செய்வார்களா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காப்பதை உரிமையாகவே சொல்கிறது.

பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். இவர் நான் சொல்வதைக் கேட்டாரா, இல்லை பாதியிலேயே அறிவுரை தொடங்கிவிட்டாரா? இரண்டு மூன்று செஷன் கழித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு ஒருவரிடம் மாறுவதில் தவறு இல்லை.

இந்த மூன்று அறிகுறிகள் தெரிந்தால் விலகிவிடுங்கள்: இத்தனை நாளில் குணம் என்று கேரன்டி தருவது, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, தன் மத நம்பிக்கையை உங்கள் மேல் திணிப்பது.

சின்ன வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது?

இது பெண்கள் அதிகம் சந்திக்கும் பிரச்னை. ஒரே அறை, மெல்லிய சுவர், பக்கத்தில் மாமியார், குழந்தைகள். வீடியோவை விட ஆடியோ அழைப்பு இங்கே வசதி. இயர்போன் போட்டுக்கொண்டு மொட்டை மாடியிலோ, நம்பிக்கையான தோழி வீட்டிலோ பேசலாம். கம்பெனி பஸ்ஸில் பேசுவதைத் தவிர்க்கலாம். யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு வார்த்தையை முன்கூட்டியே கவுன்சிலரிடம் முடிவு செய்துகொள்ளலாம். போன் குடும்பத்துக்கே பொது என்றால், மெசேஜ் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் இல்லை என்றால்?

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கப்பட்டது. எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் டாக்டர்களைப் பார்க்கலாம். இவர்கள் எக்ஸிஸ்டென்ஷியல் என்ற பெயரில் சிகிச்சை தரமாட்டார்கள். ஆனால், உங்களுக்கு எந்த உதவி தேவை என்று புரிந்துகொள்ள முதல் படியாக இது போதும்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கிறது. 1950-களில் தொடங்கப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் கூடவே தங்க வேண்டும் என்பது அதன் பழைய வழக்கம். நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போகும் மனநல மருத்துவமனைகளே பெரும்பாலும் இருந்த காலத்தில் அது புதுமை.

ஆன்லைன் எப்போது போதாது?

வாழ்க்கையின் அர்த்தம் பற்றிய குழப்பம் வேறு, நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி இரண்டும் கெட்டுப்போவது, வேலைக்கே போக முடியாமல் முடங்குவது, இல்லாத குரல்கள் காதில் கேட்பது, தொடர்ந்து குடிப்பது போன்றவை இருந்தால் நேரில் டாக்டரைப் பார்ப்பதே முதல் வேலை. மருந்து எடுத்துக்கொண்டே கவுன்சிலிங்கும் தொடரலாம். ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் செஷனுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 14416-ஐ அழையுங்கள், அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். ஆபத்து நெருக்கத்தில் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

மேரியின் கதையில் அடிக்கடி மறக்கப்படும் ஒரு பகுதி உண்டு. அவர் தனி ஆளாக எழுந்து நிற்கவில்லை. அறுவை சிகிச்சை செய்த சக டாக்டர்கள், கவனித்த நர்ஸ்கள், தியேட்டருக்குள் சக்கர நாற்காலிக்கு இடம் கொடுத்த மருத்துவமனை, கற்றுக்கொடுத்த பெர்த், நியூயார்க் மையங்கள் என்று ஒரு பட்டாளமே பின்னால் இருந்தது. நடக்க முடியாத டாக்டரை வேலையை விட்டு அனுப்புவது அன்றைக்கு எளிதான முடிவாக இருந்திருக்கும். அந்த முடிவை யாரும் எடுக்கவில்லை.

அதனால், மன உறுதி இருந்தால் போதும் என்று கஷ்டத்தில் இருப்பவரிடம் சொல்வதற்கு மேரியின் பெயரைப் பயன்படுத்த முடியாது. விபத்தில் விரல் போன தொழிலாளிக்கும், குழந்தை பிறந்த பிறகு சோர்ந்து கிடக்கும் பெண்ணுக்கும் உறுதியோடு சேர்த்து ஒரு படி, ஒரு நாற்காலி, ஒரு வேலை, காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் தேவை.

தோலைப் பதனிட்டு உலகத்துக்குக் காலணி அனுப்பும் ஊர்கள் இவை. நடக்க முடியாத ஒரு பெண் டாக்டர், இதே வட்டாரத்தில்தான் ஆயிரக்கணக்கானோருக்கு மறுபடி நடமாடும் வழியைத் திறந்துவிட்டார். அவருக்குக் கேள்வி கேட்கத் துணை இருந்தது. இன்று அந்தத் துணையைத் தேடுபவருக்குக் கையில் போன் இருக்கிறது, இலவச எண் இருக்கிறது. பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு, முதல் அழைப்பைச் செய்வதுதான் மிச்சம்.